கேபின் வீட்டுக்கு ஒரு பாலிசி

பல்லடத்தில் சில வண்டிகளுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் பொழுது விடிகிறது. வெயிலில் ஏற்றினால் கறிக்கோழி வழியிலேயே செத்துப்போகும். அதனால் பண்ணையில் பிடிப்பது, எடை போடுவது, லோடு ஏற்றுவது எல்லாம் இருட்டில்தான். கோவை – திருச்சி சாலையோரம் ஓர் எடைமேடைக்குப் பக்கத்தில் காலிக் கூண்டுகளோடு இரண்டு கோழி வண்டிகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால், காடா துணி ஏற்றித் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய பெரிய லாரி ஒன்று, வடக்கே போவதற்காகக் காத்திருந்தது.

"ஏன் கீழயே நின்னுட்டீங்க? ஏறி வாங்க, நம்ம வூடுதானுங்க" என்றார் அதன் ஓட்டுநர்.

வீடுதான். இருக்கைக்குப் பின்னால் ஆள் நீளத்துக்கு ஒரு பலகைப் படுக்கை, அதில் மடித்து வைத்த ஜமுக்காளம். கண்ணாடிக்கு மேலே முருகனும், அவருக்குப் பக்கத்தில் ஓட்டுநரின் மகள் பள்ளிச் சீருடையில் எடுத்துக்கொண்ட படமும். ஓரத்தில் தண்ணீர் கேன், அரிசி டப்பா, ஐந்து கிலோ சிலிண்டர், கரி பிடித்த ஒரு குக்கர். கொடியில் கிளீனர் பையனின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மாதத்தில் எத்தனை நாள் ஊரில் இருப்பார் என்று கேட்டேன். "மூணு நாலு நாளுங்க. அதுலயும் ஒரு நாள் பட்டறையில போயிரும்." இருபது வருடமாக இப்படித்தானாம். கணக்குப் போட்டால், சொந்த வீட்டில் அவர் படுத்து எழுந்த நாட்கள் மூன்று வருடத்தைத் தாண்டாது.

இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டதும் கொஞ்சம் பெருமையோடு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். "ஃபுல் இன்சூரன்ஸ்ங்க. பம்பர் டு பம்பர்." வாங்கிப் பார்த்தேன். லாரிக்கு முழுசாகத்தான் இருந்தது. அவருக்கென்று அந்தத் தாள்களில் இருந்தது ஒரே ஒரு வரி: சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கான சட்டப் பொறுப்பு, பிரீமியம் 50 ரூபாய்.

அமெரிக்காவில் வருடம் முழுக்க வண்டிவீட்டிலேயே குடியிருப்பவர்கள் உண்டு. ஓய்வு பெற்ற தம்பதிகள், வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள், வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் எனப் பல ரகம். அவர்களுக்கென்றே அங்கே 'முழுநேரக் குடியிருப்பு' பாலிசி விற்கிறார்கள். வண்டிக்கான காப்பீட்டோடு உள்ளே இருக்கிற சாமான், வண்டியைச் சுற்றி யாராவது தடுக்கி விழுந்தால் வருகிற பொறுப்பு என்று வீட்டுக் காப்பீட்டில் இருப்பதெல்லாம் அதிலும் சேரும். நம்மூரிலும் 'மோட்டார் கேரவன்' என்ற வகை சட்டத்தில் இல்லாமல் இல்லை. உட்கார, படுக்க, சமைக்க வசதியுள்ள வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று ஏஐஎஸ் 124 என்ற தரநிலையே இருக்கிறது. டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டில் போட்டு ஊர் சுற்றுகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டால், விபத்து நாளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் கைவைப்பது அதில்தான்.

ஆனால் கேரவன்காரர்கள் நம்மூரில் கைவிரலில் எண்ணுகிற அளவுதான். பல்லடத்துக் கோழி வண்டிக்காரர்கள், காடா துணி ஏற்றுகிறவர்கள், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளில் வருடக் கணக்கில் வெளிமாநிலத்தில் கிடக்கிற தொழிலாளர்கள்: நம்முடைய வண்டிவீட்டுக்காரர்கள் இவர்கள்தான். வீட்டு வசதிக்கென்று சட்டம் இவர்களுக்குத் தந்திருப்பது ஏ.சி. மட்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். பழைய வண்டிகளில் ஜன்னல் காற்றுதான்.

சாமான் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டில் கட்டடத்தோடு வீட்டுப் பொருட்களும் சேரும். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். இந்தக் கேபினில் கட்டடம் ஏது? மோட்டார் பாலிசியோ வண்டியையும் அதோடு பொருத்திய பாகங்களையும் மட்டும் பார்க்கும். செல்போன், துணிமணி, பேட்டா பணம் போனால் போனதுதான்.

உயிர்க் கணக்குதான் சிக்கலானது.

மோட்டார் சட்டம் ஒரு கேள்வி கேட்கும்: விபத்து வண்டியின் பயன்பாட்டால் நேர்ந்ததா? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இன்னொன்று கேட்கும்: வேலையின்போது, வேலையால் நேர்ந்ததா? மாலை ஆறு மணிக்கு மில் கேட்டைத் தாண்டி வெளியே வருகிறவருக்கு இவற்றுக்குப் பதில் சொல்வது சுலபம். பட்டறையே படுக்கையறையாக இருப்பவர் எந்த நிமிடத்தில் வேலையில் இருக்கிறார், எந்த நிமிடத்தில் வீட்டில் இருக்கிறார்? உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் சில குடும்பங்கள் இதற்குப் பதில் வாங்கின.

1987 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரியோடு மோதிக் கவிழ்ந்து கிடந்தது. சில மணி நேரம் கழித்து வெடித்தது. ஒழுகிய பெட்ரோலைப் பிடிக்கக் கூடியவர்கள் இறந்துபோனார்கள். கவிழ்ந்து கிடந்த வண்டியை யார் 'பயன்படுத்தினார்கள்' என்று எதிர்த்தரப்பினர் வாதாடினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓடாமல் நிற்கிற வண்டியும் பயன்பாட்டில் இருக்கிற வண்டிதான் என்றது. 2000இல் ரீட்டா தேவி வழக்கு. நாகாலாந்தின் திமாப்பூரில் ஆட்டோவைத் திருடுவதற்காக ஓட்டுநரைக் கொன்றுவிட்டார்கள். வண்டியைப் பறிக்கும் நோக்கத்தில் நடந்த கொலை என்பதால் அதையும் விபத்தாகவே எடுத்துக்கொண்டு இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம்.

மாரடைப்புக்குத்தான் பதில் ஒன்றுபோல இல்லை. டெல்லியிலிருந்து ஜார்க்கண்ட் வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிப் போன 45 வயது ஓட்டுநர், ஓரமாக வண்டியை நிறுத்தினார், மயங்கி விழுந்தார், இறந்தார். வேலைப் பளு அந்தச் சாவுக்குக் காரணம் என்று 2012 டிசம்பரில் தீர்ப்பானது. அதற்குச் சில வருடம் முன்னால், வண்டியில் போகும்போதே மாரடைப்பால் இறந்த ஒரு கிளீனரின் தாய்க்கு அதே நீதிமன்றத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. வேலையின் அழுத்தத்தால் இறந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். பயணிகளைக் கோயிலுக்கு அழைத்துப் போன ஒரு ஓட்டுநர், அவர்கள் வரும்வரை குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர், வழுக்கி விழுந்து மூழ்கிப்போனார். 2009இல் அவருடைய குடும்பத்துக்கும் கைவிரித்தாயிற்று. குளத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. காத்திருப்பதே பாதி வேலையாக இருக்கிற தொழில் இது. அந்தத் தீர்ப்பை என்னால் மனசாரச் செரிக்க முடியவில்லை.

அந்த 50 ரூபாய் வரியை அற்பமென்று நினைக்க வேண்டாம். முதலாளி தர வேண்டிய தொழிலாளர் இழப்பீடு அதற்குள்தான் வருகிறது. 1923ஆம் வருட இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடப்பில் இருக்கிறது. கணக்குப் போடுகிற முறை பழையதுதான். சம்பளத்தில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 2020 முதல் மாதச் சம்பளத்தை 15,000 ரூபாய் வரைக்கும் கணக்கில் எடுக்கிறார்கள். நாற்பது வயதுக்காரருக்கு எண் 184.17. பாதிச் சம்பளம் 7,500 என்றால் 13,81,275 ரூபாய் வருகிறது. ஆனால் சம்பளம் அவ்வளவு என்று காட்ட ஏதாவது ஒரு சீட்டு வேண்டும். பேட்டாவும் கைக்காசுமாக வாங்குகிறவர்களின் குடும்பம் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான். முதலாளியிடம் மாதச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். இழப்பீட்டு வழக்கில் அந்தப் பாஸ்புக் பக்கத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

சொந்த வண்டி ஓட்டுகிறவர் நிலைமை வேறு. அவருக்கு முதலாளியும் இல்லை, தொழிலாளர் இழப்பீடும் இல்லை. உரிமையாளரே ஓட்டினால் 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு 2018 முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டும்போது, ஏறும்போது, இறங்கும்போது நேர்வதுதான் அதன் எல்லை. நள்ளிரவில் கேபினில் சிலிண்டர் வெடித்தால் பேச்சுவார்த்தைதான். 2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில் மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் யாத்ரிகர்கள் சமைக்கப்போய் ஒன்பது பேர் கருகிய செய்தி நினைவிருக்கும். அந்த லாரி ஓட்டுநரிடம் அடுப்பைக் கீழே இறக்கி, வண்டியைவிட்டுத் தள்ளி வைத்துச் சமைக்கச் சொன்னேன். "மழ பேஞ்சா எங்கீங்க போறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பல்லடம் பக்கத்தில் அதிகம் நடக்கிற தவறு இன்னொன்று. பண்ணைக்குப் போகிற வண்டியில் மச்சானை ஏற்றிக்கொள்வது, ஊருக்குத் திரும்பும்போது மனைவி பிள்ளையை முன்னால் உட்கார வைப்பது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிக்கொண்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரிலேயே தீர்ப்பாகிவிட்டது. 2019 சட்டத் திருத்தம் அதை வரியாகவே எழுதிவிட்டது. கோழி பிடிக்க வருகிற ஆட்களும் வண்டிக்காரரின் வேலையாட்கள்தான் என்பதற்குச் சான்று வேண்டும். எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறது என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். நான்கு பேர் ஏறுகிற வண்டியில் ஒருவருக்கு மட்டும் கட்டியிருப்பது சாதாரணமாகக் காண்கிற காட்சி.

லைசென்ஸைக் காட்டிக் காப்பீட்டை மறுப்பார்களோ என்ற பயம் மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. சின்னக் கோழி வண்டிக்காரர்களுக்கு இது நிம்மதி.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். வண்டியில் குடியிருக்கிறவர் வண்டியின் பாலிசியை நம்பிப் படுக்கக் கூடாது. அது சக்கரத்தோடு கட்டிய கயிறு. தன் உடம்போடு கட்டிய பாலிசி ஒன்று வேண்டும். 24 மணி நேர தனிநபர் விபத்துக் காப்பீடு என்று கேட்டால் எந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்திலும் கிடைக்கும். ஓட்டினீர்களா, தூங்கினீர்களா, குளத்தில் குளித்தீர்களா என்று அது கேட்காது. 15 லட்சத்துக்கு அப்படி ஒன்று இருந்தால் உரிமையாளர்–ஓட்டுநர் காப்பீட்டைத் தனியாக எடுக்கவும் தேவையில்லை. காசு முட்டுகிறவர்களுக்கு வங்கியில் இரண்டு திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா: விபத்தில் இறந்தால் 2 லட்சம், 70 வயது வரைக்கும். 436 ரூபாயில் ஜீவன் ஜோதி: மாரடைப்பு உட்பட எப்படி இறந்தாலும் 2 லட்சம், சேருகிற வயது 50 வரைக்கும். அந்தக் கிளீனர் பெயரில் இப்படி ஒன்று இருந்திருந்தால் அவருடைய தாய்க்கு நீதிமன்றப் படி ஏறாமலே ஏதோ கிடைத்திருக்கும். விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரைக்கும், ஒன்றரை லட்சம் ரூபாய் வரைக்கும் பணமில்லாச் சிகிச்சை தருகிற திட்டத்தை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. எந்த மாநிலத்தில் அடிபட்டாலும் கேட்டு வாங்கலாம்.

காகிதத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். அந்த ஓட்டுநரின் பாலிசி, வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாம் கேபினில் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருந்தன. வண்டி எரிந்தால் அதுவும் எரியும். வீட்டில் ஒரு நகல் இருக்கிறதா என்று கேட்டேன். சம்சாரத்துக்கு எந்த வங்கி என்றே தெரியாது என்றார். செல்போனில் படம் எடுத்து அப்போதே அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். மறுமுனையில், "என்னங்க ஆச்சு, இந்நேரத்துல?" என்று பதறிப்போய் ஃபோன் வந்தது.

சுரக்ஷா பீமாவில் சேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, எப்போதோ வங்கியில் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். இரண்டு திட்டங்களும் மே 31இல் முடிந்து ஜூன் 1இல் புதுப்பிக்கப்படும். பணம் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும். நீங்களோ உங்கள் வீட்டில் யாராவதோ வண்டியில் குடியிருந்தால், வருகிற மே மாதக் கடைசியில் அந்தக் கணக்கில் 456 ரூபாய் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.