பூக்கடைக் கணக்கும் பத்து கிரெடிட்டும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு 10 கிரெடிட். சாதாரண தியரி பாடத்துக்கு 3தான். இவ்வளவு கனமான ஒன்றுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. குழுவுக்கு 4 பேர் வரை, இடையிடையே ரிவ்யூ, கடைசியில் வெளித் தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) முன்னால் வைவா, அவ்வளவுதான் சட்டம். மீதியை என்னைப் போன்ற கைடுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கைடு அசந்தால் ரெடிமேட் ப்ராஜெக்ட் உள்ளே வந்துவிடும். காசு கொடுத்தால் கோடு, பைண்ட் போட்ட ரிப்போர்ட், வைவாவுக்கு மனப்பாடக் குறிப்பு எல்லாம் கிடைக்கும்.

நான் சங்கரன்கோவில்காரன். மாணவர்களைப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவேன். ஒரு குழு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதியது. விவசாயி பெயர், எடை, விலை என்று மூன்று கட்டம் போட்டுக் காட்டினார்கள். கடைக்கார அண்ணாச்சி பார்த்துவிட்டு, "தம்பி, காலைல ஒரு வெல, மத்தியானம் ஒரு வெல. நாளைக்கு முகூர்த்தம்னா கேக்கவே வேண்டாம். ஒத்த வெலய வச்சு என்னத்தச் செய்ய?" என்றார். பிறகு முன்பணக் கழிவு, கமிஷன், பட்டுவாடா என்று ஒவ்வொன்றாய் முளைத்தது. டேட்டாபேஸைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். அன்றுதான் பாடம் தொடங்கியது.

தேவை புரியாமல் கட்டிவிட்டு மறுபடி பிரிக்கும் இந்தப் பாடு நம்மூர்த் தொல்லை மட்டுமல்ல. மென்பொருள் வேலைகள் கெடு தாண்டுவதையும் செலவு மீறுவதையும் பற்றி 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். மென்பொருள் பொறியியல் என்ற துறைக்குப் பெயர் நிலைத்தது அந்த மாநாட்டுக்குப் பிறகுதான்.

ப்ராஜெக்டுக்கு மதிப்பெண் போடுவது இன்னொரு சிக்கல். நாலு பேரில் ஒருவர் உழைக்க மூவர் பேர் வாங்குவது பழைய கதை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் மென்பொருளில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது பதிவாகும். வாரா வாரம் அதைத் திறந்து பார்ப்பேன். ஆனால் வரியை எண்ணி மட்டும் மார்க் போட்டால் அநியாயமாகிவிடும். அந்தப் பூக்கடைக் குழுவில், கடையில் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் புரிந்துகொண்டுவந்த பெண் எழுதிய கோடு கொஞ்சம்தான். அவர் இல்லாவிட்டால் மற்றவர்கள் எழுதியது எதற்கும் உதவியிருக்காது. அதனால் அவரவர் குறிப்பேட்டுக்கும், பிழை பார்த்த வேலைக்கும் மார்க் உண்டு.

வேறு கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாகப் போனால் முதலில் கேட்பது இதைத்தான்: "முதல் ரிவ்யூவுக்குப் பிறகு எதை மாத்துனீங்க? யார் சொல்லி மாத்துனீங்க?" விலைக்கு வாங்கிய ப்ராஜெக்டில் இதற்குப் பதில் இருக்காது.