மக்காச்சோளக் கதிரும் இரண்டு கைகளும்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை பிறக்கும்போது அதன் கையில் எலும்பும் தசையும் பெரும்பாலும் குறையில்லாமல்தான் இருக்கும். கோளாறு மூளையில். கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளோ வளரும் மூளைக்கு நேர்ந்த சேதம், கைக்குப் போகவேண்டிய கட்டளையைக் குலைத்துவிடுகிறது. குறைமாதப் பிறப்பு, மூச்சுத்திணறல், முற்றிய மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை காரணங்களில் சில. மூளையின் சேதம் மேலும் பரவுவதில்லை. ஆனால் புழங்காத கையில் தசை சுருங்கும், மணிக்கட்டு மடங்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கும். சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் அறிகுறி வீட்டிலேயே தெரியும். பொதுவாக ஒரு வயதுக்கு முன் குழந்தைக்கு இடக்கை, வலக்கை என்ற பேதம் கிடையாது. எந்தப் பக்கம் கிலுகிலுப்பையை நீட்டினாலும் அந்தப் பக்கத்துக் கை நீளும். எட்டு மாதக் குழந்தை எப்போதும் இடக்கையையே நீட்டி, வலக்கையை மூடியபடியே வைத்திருந்தால், “பிள்ளைக்கு இடதுகைப் பழக்கம்” என்று வீட்டார் சிரித்துவிட்டு விடுவதுண்டு. உடலின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

குழந்தையின் கை எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை ஐந்து நிலைகளாகப் பகுக்கும் முறை 2006-இல் சுவீடனில் உருவானது. முதல் நிலைக் குழந்தை பொருள்களை எளிதாகக் கையாளும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்கு எல்லாவற்றுக்கும் பிறர் துணை வேண்டும். தனித்தனியாக விரல்களின் வலுவை அளப்பதைவிட, சட்டைப் பொத்தான் போடுவது, தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளில் இரு கைகளும் சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்பதையே இம்முறை பார்க்கிறது.

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு பயிற்சிகள் நன்கு சோதிக்கப்பட்டவை. ஒன்று, நல்ல கைக்கு உறை மாட்டி, பாதித்த கையை வேலை செய்யவைப்பது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் செய்த ஆய்வுகளிலிருந்து பிறந்தது இது. பலமுறை முயன்று தோற்ற கையை மூளை கைவிட்டுவிடுகிறது, கட்டாயம் வந்தால் மீண்டும் பழக்குகிறது என்பது அவர் கண்டது. மற்றொன்று, இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகளைப் படிப்படியாகக் கடினமாக்கித் தருவது. சம நேரம் செய்தால் இரண்டும் ஏறக்குறையச் சம பலன் தருகின்றன. முதல் முறையை இயன்முறை மருத்துவர் சொல்லாமல் வீட்டில் தொடங்கக் கூடாது. இரு கைகளும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அது பொருந்தாது.

எண்ணெய் தேய்த்து நீவுவதும், கையைப் பிறர் பிடித்து இழுத்து நீட்டுவதும் குழந்தைக்கு இதமாக இருக்கலாம். அவற்றால் மட்டும் கைக்கு வேலை வராது. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியின் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடும். அந்த இடைவெளியில் பயிற்சி நடந்தால்தான் ஊசி போட்டதற்குப் பொருள். குழந்தை தானே விரும்பி, தன் கையால், திரும்பத் திரும்பச் செய்வதே மூளைக்குப் பாடம்.

அதற்கு நேரம் வேண்டும். கைத்திறன் கண்ணுக்குத் தெரியும்படி மேம்பட 30 முதல் 40 மணி நேரப் பயிற்சியாவது தேவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கி.மீ. வாரம் ஒருநாள் பேருந்தேறிப் போய் அரை மணி நேரப் பயிற்சி பெற்றால் ஆண்டு முழுவதற்கும் 26 மணி நேரம்தான் தேறும். அதே அரை மணி நேரம் தினமும் வீட்டில் நடந்தால் 80 நாளில் 40 மணி நேரம் ஆகிவிடும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வீட்டு முற்றத்தில் பயிற்சிப் பொருளுக்குப் பஞ்சமில்லை. மக்காச்சோளக் கதிரை எடுத்துக்கொள்ளலாம். வலக்கை பாதித்த குழந்தையின் வலக்கையில் கதிரைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இடக்கை மணியை உதிர்க்கும். பிடி தளர்ந்தால் கதிர் உருளும், ஆகவே வலக்கை பிடித்தே தீர வேண்டும். முதலில் ஒரு வரிசையைப் பெரியவர் உதிர்த்துக் கொடுத்தால் அடுத்த வரிசை எளிதாக விடும். சில நாள் கழித்து முழுக் கதிர். பிறகு கைகளை மாற்றி உதிர்ப்பது. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை உரிப்பதும், பருத்திச் சுளையைப் பிரிப்பதும் இதே வகை வேலைதான். வாயில் போடும் வயதுக் குழந்தைக்கும் விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கும் மணிகள் ஆகாது. ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரிக்கொட்டையையும் கொடுக்கக் கூடாது. அதன் ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்.

என்ன வேலை, எந்த உயரத்தில், எத்தனை முறை என்பதை வகுத்துத் தர ஆள் வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பெற்றோருக்குப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். அரசுத் தரப்பில், 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, வளர்ச்சிக் குறை தெரிந்தால் மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்ப வழிசெய்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்கள் மாற்றுத்திறன் மாணவருக்கு இயன்முறைச் சிகிச்சை தருகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இச்சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. அடையாள அட்டை இருந்தால் உதவிகளைப் பெறுவது எளிது.

ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே நீட்டும் குழந்தையை, “போகப் போகச் சரியாகிவிடும்” என்று விட்டுவிடாமல், அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.