மட்டிப் பழம் விமானம் ஏறுமா?

குமரி மாவட்டத்து மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வாழை விவசாயிகள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. 'துபாயிலும் ஷார்ஜாவிலும் நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் விமான நிலையம் நாகர்கோவிலில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். குலையை வெட்டிப் பெட்டியில் அடைத்து நாமே அனுப்பினால் என்ன?'

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு, பழத்தைப் பார்க்கும் முன் விமானத்தின் அடிவயிற்றைப் பார்க்க வேண்டும்.

வளைகுடாவுக்குப் போகும் காய்கனிகளில் பெரும்பகுதி, பயணிகள் போகும் அதே விமானத்தின் அடித்தளத்தில்தான் போகிறது. பயணிகளின் பெட்டிகளுக்கே அங்கு முதல் உரிமை. மீதி இடம்தான் சரக்குக்கு. கோடை விடுமுறை முடிந்து குடும்பங்கள் வளைகுடா திரும்பும் நாட்களில் அந்த மீதியும் சுருங்கிவிடும். அப்போது காய்கறிப் பெட்டி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும். இதை 'ஆஃப்லோடு' என்பார்கள். நாலு மணி நேரத்தில் துபாய் போக வேண்டிய வெண்டைக்காய், ஒரு நாள் முழுக்கக் கிடங்கில் கிடந்து முற்றிப் போவது இப்படித்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டபோது சரக்கு இடமும் அதோடு போய்விட்டது. பயணிகள் இல்லையென்றால் பாகற்காய்க்கும் விமானம் இல்லை என்பதைப் பலர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்தது கூலி. விமான நிறுவனம் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் 'கன எடை' வரும். உண்மை எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம்.

60 × 40 × 30 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 72,000. கன எடை 12 கிலோ. அதில் 6 கிலோ கறிவேப்பிலை இருந்தாலும் 12 கிலோவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கணக்குக்காகக் கிலோவுக்கு 70 ரூபாய் என்று வைத்தால், 840 ரூபாய். கறிவேப்பிலை கிலோவுக்கு 140 ரூபாய் கூலியாகவே போகிறது. அதே பெட்டியில் 15 கிலோ ஏத்தங்காய் அடைத்தால் 1,050 ரூபாய், அதாவது கிலோவுக்கு 70 ரூபாய். தோட்டத்தில் 40 ரூபாய்க்குக் கொடுத்த காய் விமானம் ஏறும்போதே 110 ரூபாய் ஆகிவிடும். அட்டைப்பெட்டி, லாரி வாடகை, கிடங்குக் கட்டணம், சுங்க முகவர் கூலி எல்லாம் இதற்கு மேல். கூலி நாளுக்கு நாள் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

அப்படியானால் யார்தான் அனுப்புகிறார்கள்? தோவாளையைப் பார்த்தால் விளங்கும். பிச்சியும் மல்லிகையும் கிலோவுக்கு நல்ல விலை, ஆயுளோ ஒரு நாள். கப்பலில் போக வழியே இல்லை. காய்கறிக்குக் காரணம் வேறு. அங்குள்ள கடைக்காரருக்கு முருங்கைக்காய், புடலை, பாகல், செந்துளுவன், வாழையிலை என்று இருபது வகை வேண்டும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், எல்லாம் தினமும். அதை வைத்து ஒரு கண்டெய்னரை நிரப்ப முடியாது. ஆகவே விமானம்.

ஒரே பொருள் அதிக அளவில் போவதாக இருந்தால் கப்பல்தான் மலிவு. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வகுத்த முறைப்படி, 2021இல் கேரளத்து நேந்திரன் கொச்சியில் இருந்து லண்டனுக்குக் கப்பலில்தான் போனது.

மரச்சீனியின் கதையும் அதுவே. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்குக்குள் கருங்கோடு ஓடிவிடும். அதனால் தோலுரித்து, துண்டு போட்டு, உறைய வைத்து, மைனஸ் 18 டிகிரி குளிரில் கண்டெய்னரில் ஏற்றுகிறார்கள். துருவிய தேங்காயும் சக்கைச் சுளையும் அப்படியே. உறைந்த பொருளுக்கு மாதக்கணக்கில் ஆயுள் இருக்கும்போது விமானக் கூலி எதற்கு? தவிர, விமானத்தில் உறைநிலை காக்க உலர்பனி வைக்க வேண்டும். அது கரியமில வாயுவாக மாறுவதால் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது, அளவுக் கட்டுப்பாடும் உண்டு. எனவே மரச்சீனி விவசாயி பார்க்க வேண்டியது விமான நிலையத்தை அல்ல, பிடுங்கிய அன்றே கிழங்கை எடுத்துக்கொள்ளும் உறைபதன ஆலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை.

பச்சைக் காய்க்குக் குளிர் வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் அல்ல. வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் படிந்தது போல் ஆகிவிடும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. கீரையோடு ஒரே அறையில் வைத்து வாழைக்காயைக் கெடுத்தவர்கள் உண்டு. முக்கால் விளைச்சலில் வெட்டி, சீப்புகளைப் பிரித்துப் பால் வடியவிட்டு, படிகாரத் தண்ணீரில் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகுதான் அடைக்க வேண்டும். குலையைத் தரையில் உருட்டிய காயம் அன்று தெரியாது. துபாய்க் கடையில் கறுப்பாகத் தெரியும்.

காயத்தை விடப் பெரிய ஆபத்து புழு. இந்தியாவில் இருந்து போன 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்ததால், 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழம், கத்தரி, சேம்பு, பாகல், புடலை ஐந்தையும் தடை செய்தது. மாம்பழத் தடை அடுத்த ஆண்டு நீங்கியது, காய்கறிகள் மேலும் காத்திருந்தன. அதே 2014இல் பூச்சிமருந்து எச்சத்துக்காகச் சவூதி அரேபியா நம் பச்சை மிளகாயை நிறுத்தியது. சரியாகச் செய்தவரின் பெட்டியும் தவறு செய்தவரின் பெட்டியோடு சேர்ந்தே நின்றது.

சில நேரம் யார் தவறும் இருக்காது. நிபா காய்ச்சல் வந்த 2018 மே மாதம், ஐக்கிய அரபு அமீரகம் கேரளத்துப் பழம், காய்கறிகளைத் தடை செய்தது. திருவனந்தபுரத்தை நம்பும் குமரி விவசாயி, களியக்காவிளைக்கு அப்பால் நடப்பதையும் கவனிக்காமல் இருக்க முடியாது.

பழ ஈக்கு வேலி தோட்டத்திலேயே போட வேண்டும். பாகல், புடலையில் கியூ லூர் பொறி வைப்பதும், விழுந்த, குத்துப்பட்ட பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைப்பதும் செலவு குறைந்த வேலைகள். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலம் முடியாமல் பறிக்கவே கூடாது. தெளித்த தேதியை நோட்டில் எழுதி வைக்காதவருக்கு ஏற்றுமதிப் பேச்சு வேண்டாம்.

இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், அபெடா பதிவு, ஒவ்வொரு சரக்குக்கும் பயிர் நலச் சான்று என்று காகித வேலையும் உண்டு. யாரும் செய்யக்கூடியதுதான். ஆனால் ஒரு ஏக்கர் வாழைக்காரர் தனியாக ஏற்றுமதியாளராவது நல்ல யோசனை அல்ல. ஒரு பெட்டி திருப்பப்பட்டாலும் கூலி திரும்பி வராது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ, ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் சிப்பமிடும் கூடத்துக்குத் தரம் பிரித்துக் கொடுப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பு. அப்போதும் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும். எடை எங்கே போடப்படும்? ஆஃப்லோடு ஆனால் நஷ்டம் யாருக்கு? பணம் எத்தனை நாளில் வரும்? வாய்ப்பேச்சை நம்பிக் காயைக் கொடுத்துவிட்டு, 'அங்கே அழுகிவிட்டது' என்ற ஒரு போன் பேச்சோடு கணக்கு முடிந்துபோன விவசாயிகள் உண்டு.

மட்டிக்கு வருவோம். மணமும் பெயரும் இருப்பதால் கிலோவுக்கு நல்ல விலை கேட்க முடியும். அந்த வகையில் விமானக் கூலியைத் தாங்கக்கூடிய பழம்தான். தோல் மெலிசு என்பது அதன் பலவீனம். புவிசார் குறியீட்டைப் பெட்டியில் போட, விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முக்கால் விளைச்சலில் ஒன்று, அதற்கு ஒரு வாரம் கழித்து ஒன்று என்று இரண்டு குலைகளை வெட்டி, சீப்புகளை அட்டைப்பெட்டியில் அடைத்து, நாகர்கோவிலுக்கு ஒரு தடவை பஸ்ஸில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். எத்தனை நாளில் பழுக்கிறது, தோல் எங்கே கறுக்கிறது, ருசி எதில் குறைகிறது என்று குறித்துக்கொண்டால், ஏற்றுமதியாளரிடம் பேசப் போகும்போது கையில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கும்.