ஈய ரவை உருண்டையாவது எப்படி?

ரவை என்றதும் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்து உப்புமாவை நினைத்துக்கொள்ளும் அன்பர்கள் மன்னிக்க வேண்டும். இங்கே பேச வந்தது துப்பாக்கி ரவையைப் பற்றி.

வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒற்றைக் குண்டு இராது. கடுகுக்குச் சற்றுப் பெரிதாகவும் மிளகுக்குச் சற்றுச் சிறிதாகவும் நூற்றுக்கணக்கான ஈய மணிகள் இருக்கும். அமெரிக்கக் கணக்கில் ஒன்பதாம் எண் ரவை ஓர் அவுன்ஸுக்கு ஏறத்தாழ 585 மணிகள் நிற்கும். எண்ணுக்கும் பருமனுக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. 17-இலிருந்து ரவையின் எண்ணைக் கழித்தால், மிச்சம் வருவது அதன் குறுக்களவு, அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குகளில். ஆகவே ஒன்பதாம் எண் ரவை 0.08 அங்குலம், அதாவது இரண்டு மில்லிமீட்டர். ஆறாம் எண் 0.11 அங்குலம்.

இந்த மணிகள் உருண்டையாக இல்லாவிட்டால் காற்றில் ஒழுங்காகச் செல்லா, திசைக்கொன்றாகச் சிதறும். அப்படியானால் ஒவ்வொரு மணியையும் அச்சில் வார்க்க வேண்டுமே! ஒரு தோட்டாவுக்கு 585 வார்ப்பு என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்? இந்தச் சங்கடத்திற்கு மனிதன் கண்ட விடை, அச்சையே விட்டுவிடுவதுதான். உருட்டும் வேலையை அவன் ஈயத்திடமே ஒப்படைத்துவிட்டான்.

மேலே செல்லுமுன் ஒரு சொல். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. இங்கே பேசப்படும் ஈயம் காரீயம். பெயரில் உறவு இருக்கிறதே தவிர, இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். காரீயப் பாத்திரத்தில் புளிரசம் கொதித்தால் அதை உண்பவர் கதி அதோகதிதான். காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகும். தண்ணீரைவிடப் பதினோரு மடங்குக்கு மேல் கனமானது. அடுப்பிலேயே உருகிவிடும் இவ்வளவு கனமான உலோகம் வேறு மலிவாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் ரவைக்கு ஈயம்.

முற்காலத்தில் ஈயத் தகட்டைச் சிறு கட்டங்களாக வெட்டி, பீப்பாயில் போட்டு உருட்டி முனை மழுக்கினார்கள். பிறகு வந்தது சல்லடை முறை. உருகிய ஈயத்தைக் கண்ணுள்ள தட்டில் ஊற்றிச் சிறிது தூரத்திலேயே தண்ணீரில் விழச் செய்வது. இங்கிலாந்தில் வாழ்ந்த இளவரசர் ரூப்பர்ட் கூறிய இம்முறையை, ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ என்ற நூலில் விவரித்திருக்கிறார். அதில் ஒரு நுட்பம் இருந்தது. வெறும் ஈயத்தை ஊற்றினால் துளிகள் வாலோடு உறைகின்றன. அதில் சிறிது அரிதாரம் சேர்த்தால் வால் போய் மணியாகின்றன. ஆம், நம் கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய அதே மஞ்சள் அரிதாரந்தான்! அது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள். உருகிய ஈயத்தின்மேல் காற்றுப் பட்டவுடன் ஆடைபோல ஆக்ஸைடு படர்ந்து துளியை இறுக்கிப் பிடிக்கிறது. ஆர்செனிக் அந்த ஆடையின் தன்மையை மாற்றி, உறையும் நிலையையும் சற்றே தாழ்த்தித் துளிக்கு அவகாசம் தருகிறது. பிற்காலத்து ரவையிலும் ஆர்செனிக் சிறிதளவு சேர்ந்தே வந்தது. கடினம் வேண்டி ஆன்டிமணியையும் சேர்த்தார்கள்.

ஆயினும் அந்த ரவையில் ஒரு பக்கம் குழி விழுந்தது. இக்குறையைத் தீர்த்தவர் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ். அவர் ஒரு பிளம்பர். ஈயத்திற்கு லத்தீனில் பிளம்பம் என்று பெயர். பிளம்பர் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். வானத்திலிருந்து ஈய மழை பொழிவதாகக் கனவு கண்டு இதைக் கண்டுபிடித்தார் என்று ஊரார் கதை கட்டிவிட்டார்கள். கனவை யார் போய்ப் பார்த்தார்கள்? 1782-இல் அவர் காப்புரிமை பெற்றது மட்டும் உண்மை. தம் வீட்டின்மேல் கோபுரம் எழுப்பி, கீழே தரையையும் குடைந்து, உச்சியிலிருந்து ஈயத்தைச் சல்லடை வழியே சொட்டவிட்டார். அடியில் தண்ணீர்த் தொட்டி. தண்ணீரைத் தொடுமுன்பே துளிகள் உருண்டு உறைந்துவிட்டன.

இதன் பௌதிகம் மிக அழகானது. எந்தத் திரவத்தின் மேற்பரப்பும் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வைப்போல நடந்துகொள்கிறது. இதையே பரப்பு இழுவிசை என்கிறோம். உருகிய ஈயத்தில் இவ்விசை தண்ணீரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. குறிப்பிட்ட கன அளவை மிகக் குறைந்த பரப்புக்குள் அடக்கும் வடிவம் கோளம். ஆகவே தடையின்றி விழும் துளி தானே கோளமாகிறது. தட்டில் கிடக்கும் துளியை அதன் பாரமே நசுக்கிவிடும். விழும் துளிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இங்கே பலரும் ஒன்றைத் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். உருண்டையாவதற்காகத்தான் அத்தனை உயரம் என்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர்த் துளி உருளத் தொடங்க நொடியில் நூற்றில் சில பங்கு போதும். கொஞ்சம் அதிர்ந்து அடங்க இன்னும் ஒரு நொடி போலக் கொள்ளலாம். மிச்ச உயரமெல்லாம் உறைவதற்காகத்தான். ஐம்பது மீட்டர் விழ, காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 3.2 நொடி ஆகிறது. அதற்குள் துளி தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். வெப்பம் இருப்பது கன அளவில். அது வெளியேறுவது பரப்பின் வழியே. துளி பெருக்கப் பெருக்கக் கன அளவு பரப்பை முந்திக்கொண்டு வளர்கிறது. ஆகையால் பெரிய ரவைக்கு உயர்ந்த கோபுரம் வேண்டும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1828-இல் கட்டிய ஃபீனிக்ஸ் கோபுரம் 234 அடி உயரம். அது இன்றும் நிற்கிறது. வாட்ஸின் வீட்டை 1968-இல் சாலையை அகலப்படுத்த இடித்துவிட்டார்கள்.

தேறாத மணிகளைப் பிரிக்கும் விதமும் எளியது. சாய்வான பலகையில் உருட்டிவிட்டால் உருண்டையானவை வேகமாக ஓடி இடைவெளியைத் தாண்டிவிடும். கோணல் மணிகள் தடுமாறிப் பள்ளத்தில் விழும். அவை மறுபடி உலைக்குப் போகும். நம் பாட்டிமார் முறத்தைச் சாய்த்துத் தட்டிக் கடுகிலிருந்து கல்லைப் பிரிக்கவில்லையா, அதே யுக்திதான்.

கோபுரம் கட்ட வசதியில்லாதவர் என்ன செய்வது? அமெரிக்காவில் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பொழுதுபோக்குக்காரர்கள் உண்டு. அவர்கள் பின்பற்றுவது பிளைமைஸ்டர் என்பவர் வகுத்த முறை. 1961-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இதில் துளி விழுவது ஓர் அங்குலம் அளவே. விழும் இடம் சூடான நீர்மம். உடனே ஒரு சரிவில் உருண்டு, பிறகு நீர்மத்துக்குள்ளேயே சில அடி இறங்குகிறது. நீர்மம் ஏன் சூடாக இருக்க வேண்டும்? குளிர்ந்த நீரானால் வெளித்தோல் முதலில் உறைந்துவிடும். உள்ளிருக்கும் ஈயம் பின்னால் உறைந்து சுருங்கும்போது தோலை உள்ளிழுத்துக் குழியாக்கிவிடும். ரூப்பர்ட் ரவையின் குழிக்கும் இதுவே காரணம். எந்த நீர்மம் சிறந்தது என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமையில்லை. ஊறுகாய்ப் பக்குவம் போல ஆளுக்கொன்று சொல்வார்கள். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே நமக்கு இது படித்து மகிழ்வதற்கே.

ஆயினும் ஈயம் உருக்கும் எவரும், பட்டறையாளரும் ஆய்வுக்கூட மாணவரும் உட்பட, மறக்கக்கூடாத செய்திகள் சில. ஈயத் துளி தண்ணீரில் விழலாம்; தண்ணீர்த் துளி உருகிய ஈயத்துக்குள் போகக்கூடாது. உள்ளே சென்ற நீர் கணத்தில் ஆவியாகி ஈயத்தையே வாரி முகத்தில் அடிக்கும். பழைய மோட்டார் பேட்டரித் தகடுகளை உருக்குவது அதனினும் கொடிது. அவற்றில் ஆர்செனிக்கும் ஆன்டிமணியும் அமிலமும் சேர்ந்திருக்கலாம்; அங்கே கிளம்பக்கூடிய வாயுக்கள் உயிர்கொல்லிகள். பலரும் புகைக்கு அஞ்சுகிறார்கள், தூசிக்கு அஞ்சுவதில்லை. உண்மையில் சாதாரணமாக உருக்கும் வெப்பத்தில் ஈயம் ஆவியாவது குறைவு. மேலே வழித்தெடுக்கும் கசடுதான் தூளாகிக் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிறது. உருக்கியவன் சட்டையைத் தொட்டு விளையாடும் குழந்தைக்குத்தான் அதிக ஆபத்து. குழந்தையின் மூளையை ஈயம் பாதிக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஏதும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இனி, துப்பாக்கியிலிருந்து போன ரவை எங்கே போகிறது? பறவையில் பட்டது கொஞ்சம். ஏரியில் விழுந்தது மிச்சம். வாத்துக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்கிறது. சேற்றில் கிடக்கும் உருண்டை ரவையைக் கல்லென்றும் விதையென்றும் எண்ணி அது விழுங்குகிறது. அரைவையிலும் அமிலத்திலும் ஈயம் கரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. சில மணிகளே ஒரு வாத்தைக் கொல்லும். வேடன் குறி தவறினாலும் பறவை சாகிறது! இதைப் பற்றி அமெரிக்காவில் ஜார்ஜ் பேர்டு கிரின்னல் 1894-இலேயே எழுதினார். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை நாடு முழுவதும் தடையானதோ 1991-இல். கிட்டத்தட்ட நூறு ஆண்டு! டென்மார்க் 1996-இல் ஈய ரவையை அடியோடு விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குள்ளும் ஈய ரவை சுடக்கூடாது.

மாற்றாக வந்த எஃகு ரவை அடர்த்தியில் ஈயத்திற்கு மூன்றில் இரண்டு பங்கே. அதனால் வேகம் விரைவில் குன்றுகிறது. ஈடுசெய்ய இரண்டு எண் பெரிய ரவையை எடுக்கிறார்கள். கடினம் மிகுந்ததால் பழைய துப்பாக்கிக் குழல்களுக்கு அது ஆகாது. பிஸ்மத், டங்ஸ்டன் ஆகியவை நன்றாக உழைக்கும். விலைதான் கையைச் சுடும். எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே அதைக் கோபுரத்திலிருந்து சொட்டவிடுவதில்லை. கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, அச்சில் அழுத்தி, சைக்கிள் பால்பேரிங் குண்டைப்போல உருட்டித் தேய்த்தே மணியாக்குகிறார்கள்.