தனியாக எழுதினால் அது தமிழ்வழி ஆகாதா?

விடியற்காலையில் பாகாயம் பக்கத்துச் சேரி முனைகளில் நின்றால் ஷூ கம்பெனி வேன் வருவதைப் பார்க்கலாம். சாப்பாட்டு டப்பாவும் கையுமாக ஏறுகிற தங்கைகளில் பலர் எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ பள்ளியை விட்டவர்கள். அப்பா டேனரியில் மூச்சு வாங்கிப் போய் உட்கார்ந்திருப்பார். அம்மா வீட்டிலேயே ஜோடிக் கணக்கில் ஷூ மேல்தோல் தைத்துக்கொண்டிருப்பார். மூத்த பெண்ணின் படிப்புதான் முதலில் நிற்கும்.

நகரத்து வசதிக்காரர்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பதற்கு 'ஹோம் ஸ்கூலிங்' என்று பெயர். அதற்கு அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். பென்சில்வேனியாவில் 3, 5, 8 ஆகிய வகுப்புகளில் பொதுவான தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். டெக்சாஸில் அப்படி எதுவும் கட்டாயமில்லை. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான குழந்தைகளின் பள்ளி உரிமையைப் பேசுகிறது. வீட்டில் படிப்பவரை எப்படிச் சோதிப்பது என்று அது சொல்லவில்லை. ஆகவே பள்ளிக்கு வெளியே படிப்பவர் அரசை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்று: பொதுத்தேர்வு. அங்கே அவருடைய பெயர் தனித்தேர்வர்.

விருப்பப்பட்டு வீட்டில் படிப்பவரும் தனித்தேர்வர்தான். வயிற்றுப்பாட்டுக்காகப் பள்ளியை விட்டவரும் தனித்தேர்வர்தான். நம் தெருவில் முதல் வகையினர் இல்லை. நாம் பேசுவது இரண்டாம் வகையினரைப் பற்றி.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறோம். எட்டாம் வகுப்பை முடிக்காதவர்கள் 12½ வயது நிறைந்திருந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வர்களுக்கான எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு 14½ வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் அறிவிப்பு வரும்போது இயக்ககத்தின் சேவை மையங்களில் இணையவழியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் தக்கல் முறையில் கூடுதல் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம்.

பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகள் இடறி விழும் இடம் அறிவியல். எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. முதல் முறையாக எழுதும் தனித்தேர்வர் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். தேர்வு விண்ணப்பம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த வருடம் போய்விடும். நாள்கூலிக்குப் போகிறவர் பயிற்சிக்காக லீவு போட்டால் அன்றைய சம்பளமும் போகும். விதியை எழுதியவர் மனதில் ஷூ கம்பெனி ஷிப்டு இருந்திருக்காது.

இத்தனையும் தாண்டி வந்தாள் நம் மாலைப் படிப்பு வட்டத்துத் தங்கை ஒருத்தி. ஒன்பதாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். மூன்று வருடம் ஃபிட்டிங் வேலை செய்துவிட்டு, பத்தாம் வகுப்பைத் தனியாகத் தமிழிலேயே எழுதித் தேறினாள். அன்று அவள் அம்மா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அடுத்து குரூப் 4 எழுதுவேன் என்று நின்றாள். தமிழ்வழியில் படித்ததற்கான சான்று வாங்கப் போன இடத்தில், "நீ தனியா எழுதினவம்மா, உனக்கு அது கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்படிச் சொன்னவர் மீது குற்றம் இல்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தினார்கள். பணிக்கு வேண்டிய கல்வித்தகுதி வரை எல்லா வகுப்பையும் தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. குரூப் 4க்கு அது பத்தாம் வகுப்பு வரை. தேர்வாணையத்தின் அறிவிக்கைகளோ, தனித்தேர்வராக எழுதியதற்கான சான்றை இந்த முன்னுரிமைக்கு ஏற்க முடியாது என்று சொல்லிவிடுகின்றன.

திருத்தத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிப் படிப்பு முழுவதையும் ஆங்கிலவழியில் படித்துவிட்டு, பிறகு தபாலில் ஒரு தமிழ்வழிப் பட்டம் வாங்கி, கிராமத்துப் பிள்ளையின் இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். அந்த வாசலை அடைத்தது நியாயம். நாமும் அதை வரவேற்றோம். ஆனால் அந்தக் கதவில் மாட்டிக்கொண்டது யாருடைய விரல் என்று பார்க்க வேண்டாமா? ஆங்கிலப் பள்ளியின் வாசலையே மிதிக்காத, தமிழைத் தவிர வேறு மொழியில் ஒரு பாடமும் படிக்காத தோல் தொழிலாளி மகளின் விரல்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்வழி முன்னுரிமை 20 விழுக்காடு என்பது தனியாக ஒதுக்கி வைத்த இடம் அல்ல. ஒவ்வொரு இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள்ளும் அது உண்டு. பட்டியலினத்தோருக்கான 18 விழுக்காட்டுக்குள்ளும், அதில் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடாக உள்ள 3 விழுக்காட்டுக்குள்ளும் ஐந்தில் ஓர் இடம் தமிழ்வழியில் படித்தவருக்கு. ஆக, நமக்கென்று அம்பேத்கர் வழியில் வந்த இடத்துக்குள்ளேயே ஐந்தில் ஒன்றில் இந்தத் தங்கை கால் வைக்க முடியாது.

குரூப் 4 தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதி உண்டு. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதில் அவள் நன்றாக மதிப்பெண் எடுக்கலாம். அப்போதும் தமிழ்வழியில் படித்தவள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மற்ற சலுகைகளும் இதே தடத்தில்தான் போகின்றன. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு. மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அரசுப் பள்ளியில் தொடர்ந்து படித்த பெண்களை மனதில் வைத்தே வந்தது. நல்ல திட்டங்கள்தான். ஆனால் எல்லாமே நடுவில் அறுந்துபோகாத படிப்பைக் கேட்கின்றன. படிப்பு அறுந்துபோனவருக்குத்தானே கை கொடுக்க வேண்டும்?

விதியை மாற்ற முடியாது என்பதில்லை. 2018இல் திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களும் தனித்தேர்வர்களும் நீட் எழுதக் கூடாது என்று ஒரு விதி வந்தது. அதே வருடம் மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பள்ளிக்குப் போக முடியாமல் போனவரைத் தகுதி குறைந்தவராக நினைக்கக் கூடாது என்ற நியாயம்தான் அங்கே வென்றது. இங்கும் நாம் கேட்பது அதே நியாயம்.

நம் கோரிக்கை பெரிதல்ல. பள்ளியில் இருந்தவரை தமிழ்வழியில் படித்து, மீதியைத் தனித்தேர்வராகத் தமிழிலேயே எழுதியவரைத் தமிழ்வழியினர் என்று ஏற்க வேண்டும். இடைநின்ற பள்ளியின் மாற்றுச் சான்றிதழும், தேர்வு எழுதிய மொழி குறித்த தேர்வுத் துறையின் பதிவும் இதற்கு ஆதாரமாகப் போதும். ஆங்கிலவழியில் படித்தவர் இந்த வாசலில் நுழைய முடியாது. செய்முறைப் பயிற்சியை விடுமுறை நாள்களில் நடத்தினால் தொழிலாளிகளும் வர முடியும்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. பிள்ளை பள்ளியை விட்டாலும் மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். ஆண்டு நடுவில் நின்றுபோன பிள்ளையை, முடிந்தால் அதே பள்ளியில் திரும்பச் சேருங்கள். 14 வயதுக்குள் இருந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேரச் சட்டப்படி உரிமை இருக்கிறது. தனியாக எழுதுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

அந்தத் தங்கை இப்போதும் விடியலில் வேன் ஏறுகிறாள். பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. இந்த முறை பொதுப் போட்டியிலேயே எழுதிப் பார்க்கிறேன் அண்ணா என்கிறாள். எழுதட்டும், ஜெயிக்கட்டும். அவளுக்குப் பின்னால் வேன் ஏறுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கதவைத் திறக்கும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.