தங்கவயலின் ஒளிப்புள்ளிகளும் கணினித் திரையின் கலைச்சொற்களும்

பள்ளிகளுக்கும் கள அலுவலகங்களுக்கும் கணினி வாங்கப்படும்போது, அதன் விவரக் குறிப்பில் ரெசல்யூஷன், ரிஃப்ரெஷ் ரேட், கிராஃபிக்ஸ் கார்டு முதலிய சொற்கள் காணப்படுகின்றன. இவை வணிகரின் சொற்களாகவே பலருக்கும் தோன்றும். உண்மையில், புள்ளிகளைக் கொண்டு ஒரு காட்சியை அமைக்கும் எந்தச் சாதனத்திற்கும் இக்கருத்துகள் பொருந்தும். கணினித் திரைகள் பரவுவதற்கு நெடுநாள் முன்னரே, கோலார் தங்கவயலின் ஆழத்தில் அத்தகைய சாதனம் ஒன்று இயங்கியது. அதனைத் துணையாகக் கொண்டால் இச்சொற்கள் எளிதில் விளங்கும்.

சுரங்கத்தில் ஒளிர்ந்த குழாய்கள்

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களிற் பெரும்பகுதி இத்தகைய ஆழத்தை எட்டுவதில்லை. மேலேயுள்ள பாறை அவற்றைத் தடுத்துவிடுகிறது. ஆகவே, பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோ என்னும் துகளைத் தேடுவதற்கு இவ்விடம் ஏற்றதாயிற்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். 1965ஆம் ஆண்டில், காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் விளைவை அவர்கள் கண்டறிந்தனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் இவ்வாறே கண்டறியப்பட்டது.

அக்கருவியில் நியான் வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நியூட்ரினோ பாறையில் மோதுவதால் தோன்றும் மின்னேற்றத் துகள் ஒன்று இவற்றின் ஊடே செல்லும். உடனே உயர் மின்னழுத்தம் கொடுக்கப்படும். துகள் கடந்து சென்ற குழாய்கள் மட்டும் ஒளிரும். அவ்வொளியைக் காமிரா பதிவு செய்யும். படத்தில் தெரிவது கோடு அன்று, சில ஒளிப்புள்ளிகளே. அவற்றை இணைத்து, துகள் சென்ற பாதை இதுவென விஞ்ஞானிகள் கணித்தனர்.

படப்புள்ளியும் பிரிதிறனும்

கணினித் திரையும் இத்தகைய அடுக்கே. அதன் மிகச்சிறிய அலகு பிக்சல் எனப்படும் படப்புள்ளி. கிடைவரிசையிலும் செங்குத்து வரிசையிலும் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதையே ரெசல்யூஷன், அதாவது பிரிதிறன், குறிக்கிறது. 1920 × 1080 என்னும் திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 3840 × 2160 என்னும் திரையில் இதைப்போல் நான்கு மடங்கு உள்ளன. குழாய் பருமனாயின் பாதையின் கோணம் துல்லியமாகத் தெரியாது. புள்ளிகள் குறையின் எழுத்தின் வளைவு படிக்கட்டுப்போல் தோன்றும். இரண்டிற்கும் காரணம் ஒன்றே.

நியான் குழாய்க்கு இரண்டு நிலைகளே உண்டு: ஒளிர்தல், ஒளிராமை. இதற்கு ஒரு பிட் போதும். திரையின் புள்ளியோ சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கூறுகளால் ஆயது. ஒவ்வொரு கூறுக்கும் 8 பிட் வழங்கினால் 256 படிநிலைகள் கிடைக்கும். மூன்றும் சேர்ந்து 24 பிட். அதனால் பெறக்கூடிய வண்ணங்கள் 1,67,77,216. இதுவே வண்ண ஆழம் எனப்படுவது.

நினைவகமும் வரைகலை அட்டையும்

சுரங்கத்தில் காட்சி புகைப்படச் சுருளில் தங்கியது. கணினியில் அது ஃபிரேம் பஃபர் என்னும் நினைவகப் பகுதியில் தங்குகிறது. ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் கணக்கிட்டால், 1920 × 1080 திரையின் ஒரு காட்சிக்கு 82,94,400 பைட், அதாவது சுமார் 8 மெகாபைட் தேவை. எனவே திரையைக் காட்டுவதற்கு மட்டும் பெருமளவு நினைவகம் வேண்டுவதில்லை.

அவ்வாறாயின், வரைகலை அட்டைகளில் பல கிகாபைட் நினைவகம் எதற்காக? 1980இல் தங்கவயலில் தொடங்கிய மற்றொரு பரிசோதனை இதை விளக்கும். புரோட்டான் சிதைவைத் தேடிய அக்கருவியில், 10 செ.மீ. சதுரக் குறுக்குவெட்டுடைய எண்ணிகள் 34 அடுக்குகளாக, ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கப்பட்டிருந்தன. அதனால் ஒரே நிகழ்ச்சிக்கு இரு தட்டைக் காட்சிகள் கிடைத்தன. அவற்றிலிருந்து முப்பரிமாணப் பாதை அமைக்கப்பட்டது. வரைகலை அட்டை இதன் மறுதலையைச் செய்கிறது. முப்பரிமாணப் பொருளைப் பல முக்கோணங்களாகப் பகுத்து, அவை திரையில் எப்புள்ளிகளில் விழும், எந்நிறம் பெறும் எனக் கணக்கிடுகிறது. ஆயிரக்கணக்கான சிறு கணிப்பகங்கள் ஒரே வேளையில் இவ்வேலையைச் செய்கின்றன. பொருள்களின் வடிவங்களையும் மேற்பரப்புப் படங்களையும் வைத்திருக்கவே பெரிய நினைவகம் தேவைப்படுகிறது.

கடிதம், அட்டவணை, பாடப்படம் ஆகியவற்றிற்கு மையச் செயலியுடன் இணைந்த வரைகலைப் பகுதியே போதும். தனி அட்டைக்குச் செலவிடுமுன் வேலை எத்தகையது என ஆராய்தல் நன்று.

இருவகை வேகங்கள்

சுரங்கக் கருவி, துகள் வந்தபோது மட்டுமே ஒளிர்ந்தது. திரையோ, காட்சி மாறினும் மாறாவிடினும் குறித்த கால இடைவெளியில் மீண்டும் புதுப்பிக்கப்படுகிறது. வினாடிக்கு 60 முறை எனில் அது 60 ஹெர்ட்ஸ்; ஒவ்வொரு முறைக்கும் 16.7 மில்லி வினாடி. இது திரையின் பண்பு. வினாடிக்கு எத்தனை புதிய காட்சிகள் தயாராகின்றன என்பது ஃபிரேம் ரேட். அது கணினியின் பண்பு. இரண்டும் இசையாதபோது, மேற்பாதியில் ஒரு காட்சியும் கீழ்ப்பாதியில் அடுத்த காட்சியுமாகப் படம் கிழிந்தாற்போல் தோன்றலாம்.

பெருக்கினாலும் புலப்படாதவை

புரோட்டான் சிதைந்ததற்குச் சான்றாகலாம் எனச் சில நிகழ்ச்சிகளைத் தங்கவயல் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். உலகின் கவனம் தங்கவயலை நோக்கித் திரும்பியது. ஆயினும், அப்பாதைகள் புரோட்டான் சிதைவால் வந்தனவா, நியூட்ரினோ மோதலால் வந்தனவா என்னும் ஐயம் எழுந்தது. 10 செ.மீ. சதுரத்தினுள் நிகழ்ந்தது யாது என்பதை அக்கருவி காட்ட இயலாது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பின்னர் இயங்கிய பெருங் கருவிகள் அம்முடிவை உறுதி செய்யவில்லை. புரோட்டான் சிதைவு இன்றுவரை நிறுவப்படவில்லை.

இதில் களப்பணியாளருக்கு ஒரு படிப்பினை உண்டு. செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டரைக் குறிக்குமாயின், அதனைத் திரையில் எவ்வளவு பெரிதாக்கினும் 2 மீட்டர் அகல வாய்க்காலின் சரியான கரை புலப்படாது. மென்பொருள் இடைப்புள்ளிகளை நிரப்பி வழவழப்பான கோட்டைக் காட்டக்கூடும். அது கணக்கீடேயன்றி அளவீடு அன்று. அக்கோட்டை நம்பி எல்லை குறிப்பது தவறாகும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய பயிற்சி: ஒரே வட்டத்தை 1 செ.மீ. கட்டத்தாளிலும் 2 மி.மீ. கட்டத்தாளிலும் கட்டங்களை நிரப்பி வரையச் செய்க. பின்னர் வட்டத்தை மறைத்து, கட்டங்களை மட்டும் கண்டு அதன் விட்டத்தைக் கணிக்கச் சொல்க. இரு விடைகளின் வேறுபாடே பிரிதிறனின் பொருள். வகுப்பறைப் புரொஜெக்டரில் எழுத்து மங்கினால், அதன் இயல்பான புள்ளி எண்ணிக்கைக்குக் கணினியின் அமைப்பை மாற்றிப் பார்க்க. பல வேளைகளில் குறை அங்கேயே தீரும்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. எனினும், அங்கு ஒளிர்ந்த குழாய்கள் கற்பித்த பாடம் ஒவ்வொரு திரைக்கும் பொருந்தும்: காணப்படுவது புள்ளிகளே, கோடு காண்பவரின் முடிவு.