'பன்ஸ்டர்': சொற்பிறப்பும் தமிழ் நிகர்ச்சொல்லும்

முன்னுரை

சிலேடையாகப் பேசுவோரை ஆங்கிலம் 'பன்ஸ்டர்' என்கிறது. அதனைச் 'சிலேடைப் புலவர்' எனத் தமிழாக்குவது பொருந்துமா என்பதை அச்சொல்லின் விகுதி வரலாறு கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

விகுதியின் வரலாறு

'பன்' என்னும் பகுதி 17ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது. இத்தாலியச் சொல் ஒன்றின் சிதைவாகலாம் என்பர். அது முடிந்த முடிபன்று. 'ஸ்டர்' என்னும் விகுதியின் வரலாறோ தெளிவானது. பழைய ஆங்கிலத்தில் அது வினைசெய்யும் பெண்ணைக் குறித்தது. நெய்பவள் 'வெப்ஸ்டர்', பின்னர் நூற்பவள் 'ஸ்பின்ஸ்டர்' எனப்பட்டாள். நாளடைவில் பெண்பாற்பொருள் தேய்ந்து, விகுதி இருபாற்கும் பொதுவாயிற்று. 'ரைம்ஸ்டர்', 'டிரிக்ஸ்டர்' முதலியவற்றில் இளக்காரக் குறிப்பும் ஏறிற்று. 1700ஐ ஒட்டித் தோன்றிய 'பன்ஸ்டர்' இவ்வினத்தைச் சார்ந்தது. சொல்விளையாட்டாளரின் பெயரில் நூற்பவளின் விகுதி நிற்பது வரலாற்றின் தற்செயலே.

தமிழ் மரபு

தமிழிலோ இவ்வுறவு கருதியே அமைக்கப்பட்டது. நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்து 'நூல்' என்னும் பெயர்க்குக் காரணங்காட்டுகிறது. 'பனுவல்' பஞ்சினையும் நூலையும் ஒருங்கே குறிக்கும். பட்டு நெசவிற்குப் பெயர்பெற்ற ஆரணியில் தறியின் நெட்டிழை 'பாவு', குறுக்கிழை 'ஊடை'. நெட்டிழையைக் குறிக்கும் 'பா' என்னும் வடிவமே செய்யுளையும் குறிக்கும். ஒரு வடிவம் இருபொருள் தரும் இந்நிலையே சிலேடையின் விளைநிலம்.

இரட்டுற மொழிதலை நன்னூல் 32 உத்திகளுள் ஒன்றாக்கிற்று. தண்டியலங்காரம் சிலேடையைப் பொருளணிகளுள் வைத்துச் செம்மொழி, பிரிமொழி என வகுத்தது. பாம்பிற்கும் எள்ளிற்கும் சிலேடை பாடிய காளமேகப் புலவரை மரபு ஆசுகவியாகப் போற்றிற்று. செயலுக்கு இலக்கணம் வகுத்த தமிழ், அதனையே தொழிலாகக் கொண்டவர்க்குத் தனிப்பெயர் வகுக்கவில்லை. புலமையின் ஒரு கூறாகவே கருதிற்று.

முடிவுரை

ஆகவே, காளமேகத்தைப் 'பன்ஸ்டர்' என்று மொழிபெயர்ப்பது அவர் புலமையைக் குறைக்கும். பேச்சில் சொற்குறும்பு செய்பவரைச் 'சிலேடைப் புலவர்' என்பது மிகையாகும். பின்னவர்க்குச் 'சிலேடைக்காரர்' ஏற்புடையது. 'வேலைக்காரர்' என்பதில் தொழிலையும் 'குறும்புக்காரர்' என்பதில் இளக்காரத்தையும் தரும் 'காரர்' விகுதி, 'ஸ்டர்' சுமந்த இரு பொருட்கூறுகளையும் ஒருங்கே தாங்கவல்லது. நிகர்ச்சொல் காண்போர் பகுதியின் பொருளோடு விகுதியின் மதிப்புக்குறிப்பையும் நோக்குதல் வேண்டும்.